பதினாறு வயதும் பனிமூட்டமும்

மணிரத்னம் நேரடியாகத் தெலுங்கில் எடுத்த ஒரே படம் 'கீதாஞ்சலி'. 1989-இல் வந்தது. 'இதயத்தைத் திருடாதே' என்று டப்பிங் ஆகித் தமிழுக்கு வந்தபோது, வேற்றுமொழிப் படம் என்ற நினைப்பே இல்லாமல் நம் இளைஞர்கள் அதைக் கொண்டாடினார்கள். புற்றுநோய் கண்ட இளைஞன் ஒருவன், வீட்டார் முகத்தில் தெரியும் துக்கத்தைப் பார்க்கச் சகியாமல், இருக்கிற நாட்களைத் தனியே கழிக்க ஊட்டிக்கு வருகிறான். அங்கே ஊரையே ஆட்டிவைக்கும் ஒரு குறும்புக்காரப் பெண். அவளுக்கு இதயக் கோளாறு, அவள் நாட்களும் எண்ணி வைத்தவைதான். பி.சி. ஸ்ரீராமின் கேமராவில் மலையும் மூடுபனியும் மூன்றாவது பாத்திரமாகவே ஆகிவிட்டன. மிச்சத்தை இளையராஜா பார்த்துக்கொண்டார். இருவரும் சாவதைக் காட்டாமலே படத்தை முடித்தது இயக்குநரின் நாகரிகம். நாட்கள் எண்ணப்படும் வயசுப் பிள்ளைகள் எப்படி வாழ்வது என்ற கேள்விக்கு இளையோருக்கென்று எழுதிய நாவல்கள் தமிழில் அரிது. அந்தக் காலி இடத்தில் முப்பத்தைந்து ஆண்டுகளாக உட்கார்ந்திருப்பது இந்தப் படம்தான். சாகப்போகிற இளமைக்கு ஊட்டிதான் தோதான இடம், அதற்குப் பனிமூட்டம்தான் தோதான திரைச்சீலை என்று நம் மனசில் பதிந்துபோனதற்கும் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

அந்தக் குளிரை வேறு விதமாக அறிந்த பதின்வயதினர் அதே மலையில் இருக்கிறார்கள். 1952-இல் எச். லேமன், மேரி கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள், நீலகிரிப் பழங்குடிகளின் ரத்தத்தில் 'சிக்கிள் செல்' மரபுக்கூறு இருப்பதைக் கண்டு எழுதினார்கள். அதுவரை பெரும்பாலும் ஆப்பிரிக்காவோடு சேர்த்தே பேசப்பட்ட அந்தக் கோளாறு இந்தியாவிலும் உண்டு என்பதற்கான முதல் சான்றுகளில் அது ஒன்று. அதே ஆண்டில் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடமும் அது கண்டறியப்பட்டது. வட்டமாக, வளைந்து கொடுத்து ஓட வேண்டிய சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்து விறைத்து, நுண்ணிய ரத்தக் குழாய்களில் சிக்கிக்கொள்ளும். ரத்தம் போகாத இடத்தில் வலி எடுக்கும். அந்த வலியைக் கிளப்பிவிடும் காரணங்கள் நாலைந்து: உடம்பில் நீர் வற்றுவது, காய்ச்சல், கடும் உழைப்பு, காற்றில் பிராணவாயு குறைந்த உயரம், குளிர். நாயகன் நாயகிக்கு அழகு கூட்டிய அதே குளிர்தான். எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவம் அறிந்திருக்கும் இந்தப் பிள்ளைகளைத் தமிழ்க் கதை அறியவில்லை. இதை வெறும் விடுபடல் என்று தள்ளிவிட முடியாது என்பது என் கட்சி. சாவை எதிரே வைத்துக்கொண்டு முழுமையாக வாழ்வது என்றால் என்ன என்பதை நாம் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறோம். அந்தத் தப்பான புரிதலுக்குள் இவர்கள் அடங்க மாட்டார்கள், அதனாலேயே கண்ணில் படவில்லை.

முதலில் அந்தப் புரிதலைப் பார்ப்போம். எரிக் சீகலின் 'லவ் ஸ்டோரி' 1970-இல் வந்து உலகையே அழவைத்தது. அது பெரியவர்களுக்கான நாவல். ஆனால் பிற்பாடு இளையோர் நாவலில் ஒரு தனிக் கிளையே படர அது வழிகாட்டியது. 2007-இல் ஜென்னி டவுன்ஹாம் எழுதிய 'பிஃபோர் ஐ டை' நாவலில், ரத்தப் புற்றுநோய் கண்ட பதினாறு வயதுப் பெண் சாவதற்குள் செய்து முடிக்க வேண்டியவற்றைப் பட்டியல் போடுகிறாள். 2012-இல் ஜான் கிரீனின் 'தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்'. ஆக்சிஜன் உருளையை இழுத்துக்கொண்டு திரியும் பெண்ணும் காலை இழந்த பையனும் காதலித்து ஆம்ஸ்டர்டாம் போய் வருகிறார்கள். 2017-இல் ஆடம் சில்வேராவின் 'தே போத் டை அட் தி எண்ட்'. சாகப்போவதை அன்று விடியுமுன்பே தொலைபேசியில் சொல்லிவிடுகிற உலகத்தில் இரண்டு பையன்களின் கடைசி நாள். ஜான் கிரீனின் கதை இந்திக்கு வந்து, ஜாம்ஷெட்பூரில் தொடங்கி பாரிஸுக்குப் போகும் 'தில் பேச்சாரா' ஆனது. நாயகன் சுஷாந்த் சிங் ராஜ்புத் 2020 ஜூன் 14-இல் இறந்துபோக, படம் ஜூலை 24-இல் வெளியானது. அப்போது அந்தப் படம் வாழ்வைப் பற்றி என்ன சொன்னது என்று யாருக்கும் காதில் விழவில்லை. இந்த வரிசையில் ஆழமும் உண்டு, மலிவும் உண்டு. ஆனால் பெரும்பாலானவற்றின் அச்சு ஒன்றுதான். நாட்கள் குறைவு, ஆகவே ஒவ்வொரு நாளும் மற்றவர்களின் நாளைவிடப் பிரகாசமாக இருக்க வேண்டும். ஒரு பயணம், ஒரு காதல், ஒரு துணிச்சல். நீளத்தில் குறைந்ததை வேகத்தில் ஈடுகட்டிவிடலாம் என்ற கணக்கு.

இது மேல்நாட்டுச் சரக்கு என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. நம்மிடம் இதே கணக்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பிருந்தே இருக்கிறது. மிருகண்டு முனிவருக்குக் கடவுள் வைத்த கேள்வி நினைவிருக்கும்: நெடுங்காலம் வாழும் மந்தமான பிள்ளை வேண்டுமா, பதினாறே வயது வாழும் அறிவான பிள்ளை வேண்டுமா? தம்பதியர் இரண்டாவதைத் தேர்ந்தார்கள். குறைந்த நாள், நிறைந்த ஒளி; அசல் இளையோர் நாவலின் கரு இதுதான். ஆனால் அந்தப் பேரத்தைப் பேசியவர்கள் பெற்றோர். பதினாறு வயதுக்காரனுக்கு அதில் சம்மதமில்லை. அவனுக்குக் கடைசி ஆசைப் பட்டியலும் இல்லை. அவன் கேட்டது மேற்கொண்டு ஆயுள். லிங்கத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றான். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தச் சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் திருக்கடையூரில் இன்று கூடுகிறவர்கள் அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் மாலையோடு வந்து நிற்கும் தாத்தா பாட்டிமார்கள். சாகப் பயந்த ஒரு பதின்வயதுப் பையனின் கதையைப் பெரியவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டோம்.

பட்டியல் போடாத கதைக்கு இந்தியாவிலேயே ஒரு பேருதாரணம் உண்டு. தாகூரின் 'டாக் கர்' என்ற 'அஞ்சலகம்' நாடகத்தில், நோயால் வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது என்று வைத்தியர் கட்டிப்போட்ட சிறுவன் அமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறான். தெருவில் தயிர்க்காரன் கூவிக்கொண்டு போகிறான். அமலுக்குத் தானும் தயிர்க்காரனாக வேண்டும். அந்த ஊர், அந்தக் கூவல், அந்தக் காவடி, எல்லாம் வேண்டும். காவல்காரனோடு மணி அடிப்பதைப் பற்றிப் பேச்சு, பூக்காரச் சிறுமியோடு பேச்சு. அரசர் தனக்குக் கடிதம் எழுதுவார் என்று காத்திருக்கிறான் என்றாலும், நாடகத்தின் முக்கால் பங்கை நிரப்பியிருப்பது ஊர்க்காரர்களின் அன்றாட வேலை. சாகப்போகிற பிள்ளை ஏங்குவது மற்றவர்கள் அலுத்துக்கொண்டு செய்கிற தொழிலுக்கு. 1942 ஜூலையில், நாஜிகள் அடைத்துவைத்த வார்சா யூதர் குடியிருப்பில், மருத்துவரும் எழுத்தாளருமான யானுஷ் கோர்ச்சாக் தம் அநாதை இல்லப் பிள்ளைகளை வைத்து இந்த நாடகத்தை நடத்தினார். சில வாரங்களில் பிள்ளைகளும் அவரும் டிரெப்ளிங்கா கொலைக்களத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் வைக்க உலக இலக்கியத்தில் எத்தனையோ வீரக் கதைகள் இருந்தன. அவர் எடுத்தது தயிர்க்காரனாக ஆசைப்பட்ட பையனின் கதையை.

ஜான் கிரீனின் நாவலையே கூர்ந்து படித்தால் அதன் வலு ஆம்ஸ்டர்டாமில் இல்லை என்பது தெரியும். மூக்கில் குழாயோடு படுக்கையிலிருந்து எழுவது, தேவாலயத்தின் நிலவறையில் நடக்கும் நோயாளிகள் கூட்டத்தில் சலித்துப்போய் உட்கார்ந்திருப்பது, தான் போனபிறகு அம்மா என்ன ஆவாள் என்ற பயம் என்று இவையே அதில் ரத்தமும் சதையுமான பக்கங்கள். கடைசியில் அந்தப் பெண்ணுக்கு நிம்மதி தருவது அம்மா தனக்குத் தெரியாமல் சமூகப்பணிப் படிப்பு படித்துக்கொண்டிருக்கிறாள் என்ற செய்தி. தனக்குப் பின்னும் அம்மாவுக்கு ஒரு வேலை, ஒரு நாள், ஒரு காலை இருக்கும். தைராய்டு புற்றுநோயில் பதினாறு வயதில் இறந்த எஸ்தர் எர்ல் என்ற பெண்ணுக்கு அந்நாவல் காணிக்கை செய்யப்பட்டிருக்கிறது. ஆசிரியருக்கு நோயாளியின் அன்றாடம் தெரிந்திருந்ததால்தான் அந்தப் பக்கங்கள் நிற்கின்றன. சினிமாக்காரர்கள் எடுத்துக்கொண்டது விமானப் பயணத்தை. நகல்கள் எடுத்துக்கொண்டதும் அதையே.

இனி நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் வருவோம். தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்தியிருக்கும் ஆறு சமூகங்களும் (தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர்) நீலகிரிக்காரர்கள். சிக்கிள் செல் எல்லாச் சமூகத்திலும் ஒரே அளவில் இல்லை. மலையடிவாரக் காடுகளில் வாழ்ந்தவர்களிடம் அதிகம். காரணம் மலேரியா. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மரபுக்கூறு வந்தால் நோய் வராது, மலேரியாவைத் தாங்கும் பலம் கிடைக்கும். அப்படிப் பிழைத்தவர்கள் பெருகினார்கள். இருவரிடமிருந்தும் வந்தால் நோய். காட்டில் உயிரைக் காத்த அதே கூறு, ஒரே வீட்டில் இரண்டு பக்கமிருந்தும் வந்து சேரும்போது உயிரைக் குடிக்கப் பார்க்கிறது. பள்ளிக்கூட உயிரியல் பாடத்தில் இரண்டு வரியில் முடிந்துபோகும் இந்த விஷயத்தில் ஒரு கிரேக்க நாடகத்துக்கான சரக்கு இருக்கிறது.

நோயுள்ள பிள்ளையின் ஓர் ஆண்டை எண்ணிப் பாருங்கள். 120 நாள் வாழ வேண்டிய சிவப்பணு பத்து இருபது நாளில் உடைந்துவிடும். ஆகவே எப்போதும் சோகை, கண்ணில் மஞ்சள், மாடிப்படி ஏறினால் மூச்சு. கைக்குழந்தையாக இருந்தபோதே விரல்கள் வீங்கி அழுதிருக்கும். அப்போது யாருக்கும் காரணம் தெரிந்திருக்காது. பள்ளி வயதில் வலி எலும்புக்குள் இறங்கும். முதுகு, தொடை, முழங்கை என்று எங்கே எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வந்தால் சில மணி நேரமும் இருக்கலாம், ஒரு வாரமும் இருக்கலாம். வெளியே காயமில்லை, கட்டில்லை, வீக்கமும் பல சமயம் இல்லை. நேற்று கபடி ஆடியவன் இன்று சுருண்டு கிடக்கிறான் என்றால் வாத்தியாருக்கு அது பரீட்சைக்குப் பயந்த நடிப்பாகவே தெரியும். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். குடித்தால் அடிக்கடி வகுப்பைவிட்டு வெளியே போக வேண்டும். உண்டு உறைவிடப் பள்ளியில் விடிகாலைக் குளிரில் பச்சைத் தண்ணீரில் குளிக்கக் கூடாது. வெந்நீர் கேட்டால் 'உனக்கு மட்டும் என்ன' என்ற கேள்வி. தினமும் ஃபோலிக் அமில மாத்திரை, பலருக்கு ஹைட்ராக்ஸியூரியா. இடுப்பு எலும்பின் முனை ரத்தமில்லாமல் செத்துப்போய் இருபது வயதில் விந்தி நடப்பவர்கள் உண்டு. படிப்பு விட்டுப்போனால் கிடைக்கும் வேலை தோட்டத்தில்; நாள் கூலிக்கு இத்தனை கிலோ கொழுந்து என்ற கணக்கு மழைக்கும் குளிருக்கும் விலக்குத் தராது. கனத்த சுமை, நனைந்த உடம்பு, குடிக்க மறந்த தண்ணீர்: வலியைக் கிளப்பும் காரணங்களில் முக்கால்வாசி அந்த வேலையிலேயே இருக்கின்றன.

அப்புறம் காதல். சிக்கிள் செல்லை 2047-க்குள் ஒழிப்பது என்று இந்திய அரசு 2023 ஜூலை 1-இல் ஓர் இயக்கம் தொடங்கியது. பதினேழு மாநிலங்களில், நாற்பது வயதுக்குட்பட்ட ஏழு கோடிப் பேருக்கு ரத்தப் பரிசோதனை என்பது திட்டம். தமிழகமும் அதில் அடக்கம். சோதித்தவர்களுக்கு ஓர் அட்டை. நோய் உண்டா, மரபுக்கூறு மட்டும் உண்டா, இரண்டும் இல்லையா என்று அது சொல்லும். கூறு சுமக்கும் இருவர் கல்யாணம் செய்துகொண்டால் ஒவ்வொரு பிரசவத்திலும் நோயுள்ள குழந்தை பிறக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. பொதுச் சுகாதாரத்தின் பார்வையில் இது தேவையான அட்டை, சந்தேகமில்லை. ஒரு நாவலாசிரியரின் பார்வையில் பாருங்கள்: பன்னிரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் பையில் அது இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் தினமும் பார்க்கும் பையனிடம் எப்போது சொல்வது? அவனிடமும் ஓர் அட்டை இருக்குமே, அதைக் கேட்கலாமா? கேட்டால் காதலைச் சொன்ன மாதிரி ஆகிவிடாதா? பெண்ணின் அட்டையைத்தான் முதலில் கேட்பார்கள் என்று ஊகிக்க ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். பாரிஸும் வேண்டாம், ஆம்ஸ்டர்டாமும் வேண்டாம்; இதைவிடக் கூர்மையான காதல் கதையை யாரும் கற்பனை செய்துவிட முடியாது.

இங்கே ஒரு கடுமையான ஆட்சேபம் எழும். சிக்கிள் செல் புற்றுநோய் அல்ல, ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் நெடுநாள் வாழலாம். அதைச் சாவுக் கதைகளின் வரிசையில் நிறுத்துவது அந்தச் சமூகத்துக்கே செய்யும் தீங்கு என்பார்கள், குறிப்பாக மருத்துவர்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. இந்தியாவில் காணப்படும் வகை ஆப்பிரிக்க வகையைவிடப் பொதுவாகச் சற்றுத் தணிவானது. அமெரிக்காவில் 1994-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, அந்நோயில் ஆண்களின் இடைநிலை ஆயுள் 42, பெண்களுக்கு 48 என்று கண்டது. சிகிச்சை அதற்குப் பின் எவ்வளவோ முன்னேறிவிட்டது. 2023 கடைசியில் மரபணுவையே திருத்தும் சிகிச்சைக்கு பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. அமெரிக்காவில் அதன் விலை இருபது லட்சம் டாலருக்கும் மேல் என்பதால் கூடலூருக்கு அது இப்போதைக்கு வெறும் செய்தி. ஆனால் இந்த ஆட்சேபம் என் வாதத்துக்குப் பக்கபலமே தவிர எதிரியில்லை. புற்றுநோய் நாவல்களில் கடிகாரம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். ஆறு மாதம், மூன்று மாதம் என்று டாக்டர் சொல்லிவிடுவார். அந்தத் தேதிதான் நாயகர்களுக்கு வேகத்தைத் தருகிறது. இந்தப் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. நாற்பது, ஐம்பது, அதற்கு மேலும் வாழலாம். அடுத்த காய்ச்சலில் மண்ணீரலோ நெஞ்சோ பாதித்து ஒரே நாளில் போகவும் செய்யலாம். தேதி தெரிந்தவன் உண்டியலை உடைத்து ஊர் சுற்றப் போகலாம். தேதி தெரியாதவள் டிகிரி படிக்கலாமா, நர்சிங் சேரலாமா, சீட்டுப் போடலாமா, பிள்ளை பெறலாமா என்று யோசித்துத்தான் ஆக வேண்டும். யோசித்துப் பார்த்தால் நாம் எல்லோருமே இரண்டாவது கட்சிதான். அதனால்தான் அவளுடைய கதை மற்றப் பதின்வயதினருக்கும் நெருக்கமாக இருக்கும் என்கிறேன்.

அடுத்த ஆட்சேபம் பெற்றோர், ஆசிரியர் பக்கமிருந்து வரும். பிள்ளைகளுக்குச் சாவைப் பற்றி எதற்கு? 2013-இல் பிரிட்டிஷ் பத்திரிகை ஒன்று இத்தகைய நாவல்களுக்கு நோய் இலக்கியம் என்று ஏளனப் பெயர் சூட்டிக் கண்டித்தது. நம்மூரில் அப்படி நாவல்கள் வந்தால் இதைவிடச் சத்தமாகக் கண்டிப்பார்கள். துக்கத்தைப் பகட்டாக்கி விற்கும் புத்தகங்களைப் பொறுத்தவரை கண்டனத்தை நானும் ஏற்கிறேன். சாவைக் காதலின் உச்சமாகக் காட்டும் கதை பதினாறு வயதுக்கு நல்லதில்லை. ஆனால் பேசாமல் இருப்பது பாதுகாப்பு என்பதை ஏற்க முடியாது. விடுதியில் பக்கத்துப் பாயில் படுத்தவன் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பாததைப் பார்த்த பிள்ளைக்குச் சாவு ஏற்கெனவே அறிமுகம். அதைப் பற்றிப் பேசச் சொற்கள்தான் கிடைக்கவில்லை. தமிழில் இந்தத் தயக்கத்தை வேறொரு விஷயத்தில் உடைத்திருக்கிறார்கள். குழந்தைகள்மீதான பாலியல் அத்துமீறலைப் பற்றிக் குழந்தைகளுக்கே யெஸ். பாலபாரதி எழுதிய 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020-இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. பேசக் கூடாது என்று நினைத்திருந்ததைப் பேசியதால் எந்தப் பிள்ளையும் கெட்டுப்போகவில்லை. கீழடியைப் பின்னணியாக வைத்த உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' 2023-இல் அதே விருதைப் பெற்றபோது இளையோர் நாவல் என்ற சொல்லும் தமிழில் புழக்கத்துக்கு வந்துவிட்டது. கதவு திறந்துதான் இருக்கிறது.

வெந்நீரும் மாத்திரையும் பற்றி எழுதினால் அது சுகாதாரத் துறையின் துண்டறிக்கையாகிவிடாதா என்பது எழுத்தாளர்களின் பயம். நியாயமான பயம்தான், தமிழ்ச் சிறார் எழுத்தில் பாதி உபதேசத்தில் செத்தது. ஆனால் துண்டறிக்கை நோயை விவரிக்கும். நாவல் வெந்நீர் கேட்கப் போன பெண்ணின் கூச்சத்தை எழுதும், சமையற்காரம்மாவின் முணுமுணுப்பை எழுதும், அந்த வெந்நீரைத் திருடிக் குளித்துவிட்டு ஓடிய தோழியை எழுதும். நோயாளி பொய் சொல்வாள், பொறாமைப்படுவாள், வலி இல்லாத நாளில் வலி என்று சொல்லிக் கணக்குப் பரீட்சைக்கு மட்டம் போடுவாள். அந்தச் சலுகையை நாம் அவளுக்குக் கொடுக்காதவரை அவள் நம் கதையில் படமாகத்தான் தொங்குவாள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி, யார் எழுதுவது? ஊட்டி வெளியாட்களின் உடம்பு தேற உருவான ஊர். 1820-களில் ஜான் சல்லிவன் அங்கே வீடு கட்டிக் குடியேறியது முதல், சமவெளி வெயிலில் வாடியவர்களுக்கு அது ஓய்வில்லம். மலைக்காரர்கள் காட்சியின் ஓரத்தில் நிற்கும் ஆட்கள். இப்போது சென்னையிலிருந்து ஒருவர் போய், பணியர் பிள்ளையின் வலியை நாவலாக்கி விருது வாங்கினால் அது பழைய கதையின் அடுத்த அத்தியாயம்தானே என்று கேட்கலாம். எனக்கு இதில் முழுக்க ஒரு பக்கம் சாய முடியவில்லை. கணவரின் மின்திட்டப் பணியை ஒட்டி நீலகிரியில் வாழ்ந்த ராஜம் கிருஷ்ணன் 1963-இல் 'குறிஞ்சித்தேன்' எழுதி, படகர் வாழ்வைத் தமிழ் வாசகரிடம் கொண்டுவந்தார். வெளியாள் எழுதினார் என்பதற்காக அந்நாவலை யாரும் ஒதுக்கிவிட முடியாது. ஆனைமலைத் தோட்டங்களில் கூலிகள் செத்து விழுந்ததை எழுதிய பி.எச். டேனியல் கூலி அல்ல, டாக்டர். 1969-இல் அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ', இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' ஆகி நமக்குக் கிடைத்தது. அதே சமயம் கேரளத்தில் மலையரையர் சமூகத்து நாராயண் 'கொச்சரேத்தி'யை எழுதிய பிறகுதான், அதுவரை ஆதிவாசிகளைப் பற்றி வந்தவற்றில் எத்தனை விடுபட்டிருந்தது என்று மலையாளிகளுக்கு உறைத்தது. கூடலூர்ப் பிள்ளைகளில் பலருக்குத் தமிழே பள்ளிக்கூட மொழி. வீட்டில் பணிய மொழி, பெட்டக்குறும்ப மொழி. அவர்கள் எழுதும் தமிழ் நம் தமிழ் மாதிரி இருக்காது. பதிப்பாசிரியர் அதைத் திருத்தாமல் விடுவாரா என்பதே முதல் சோதனை.

எழுதக்கூடியவர்கள் இல்லாமல் இல்லை. கூடலூரில் 1990-இல் தொடங்கிய அஸ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனையில் நர்சுகளாகவும் ஊர் ஊராகப் போகும் சுகாதாரப் பணியாளர்களாகவும் இருப்பவர்களில் பெரும்பாலோர் அந்தச் சமூகங்களின் பெண்கள். சிக்கிள் செல் பிள்ளைகளைப் பட்டியலிட்டு, மாத்திரை கொடுத்து, கல்யாணப் பேச்சு வரும்போது பெற்றோரோடு உட்கார்ந்து பேசுகிறவர்கள் அவர்கள். கோத்தகிரியில் 1958 முதல் இயங்கும் நீலகிரி ஆதிவாசிகள் நலச் சங்கமும் இந்நோய்க்காக நெடுங்காலம் வேலை செய்திருக்கிறது. எல்லை தாண்டி வயநாட்டில் நோயாளிகளே சங்கம் அமைத்து அரசிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறார்கள். பள்ளிக்கல்வித் துறை 'தேன்சிட்டு', 'ஊஞ்சல்' என்று இதழ்கள் நடத்துகிறது, வாசிப்பு இயக்கம் சின்னச் சின்னப் புத்தகங்களைப் பள்ளிகளுக்கு அனுப்புகிறது. அந்த வரிசையில் முதலில் ஒரு சிறு புத்தகம் போதும், முந்நூறு பக்க நாவலே வேண்டுமென்பதில்லை. விடுதியில் வெந்நீருக்காகச் சண்டை போட்ட ஒரு பெண்ணின் கதை, அந்தச் சண்டையைப் பார்த்த இன்னொரு பெண் எழுதியது. நீலகிரியின் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கு முதலில் அனுப்பலாம். ஊட்டிக்கு மே மாத சீசனில் வண்டி கட்டி வருகிற சமவெளிப் பிள்ளைகளின் பள்ளிகளுக்கும் அதே புத்தகம் போக வேண்டும்.